புறாவுக்கு அரண்மனை, குடியானவனுக்கு நஷ்டம்

பிரான்ஸ் பழைய மாளிகைகளைப் பத்தி எழுதுற நம்ம பதிவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதறாங்க. தூண் அழகு, தோட்டம் அழகு, நாலு படம், முடிஞ்சது. எனக்கு இதுல கொஞ்சம் கடுப்பு உண்டு. ஒரே ஒரு வீட்டை வச்சு ஏன்னு சொல்றேன்.

நார்மண்டி கடற்கரையில, தியெப் துறைமுகத்துக்குப் பக்கத்துல வராஞ்ஜ்வில்னு ஒரு ஊர். அங்க இருக்கறதுதான் ஆங்கோ மாளிகை. கட்டினவர் ழான் ஆங்கோ, தியெப்பின் பெரிய கப்பல் முதலாளி. ராஜா முதலாம் பிரான்சுவாவுக்கு வேண்டப்பட்டவர். வியாபாரம் பாதி, ராஜா அனுமதியோட கடற்கொள்ளை மீதி! மெக்சிகோவிலிருந்து கோர்த்தேஸ் ஸ்பெயினுக்கு அனுப்பின புதையல் கப்பல்களை 1520களின் தொடக்கத்துல மடக்கிப் பிடிச்ச ழான் ஃப்ளூரி இவரோட ஆள்தான். அந்த மாதிரி வந்த காசுல 1530க்கும் 1545க்கும் நடுவுல எழும்பின வீடு இது. இத்தாலியப் பாணியில வளைவுகள் வச்ச திறந்த தாழ்வாரம், நடுவுல பெரிய முற்றம். எல்லாரும் படம் எடுக்கிறது அந்தத் தாழ்வாரத்தைத்தான்.

என்னைக் கேட்டா முற்றத்துல நிக்கிற புறாக் கோபுரத்தைத்தான் முதல்ல பாக்கணும். வட்டமான கோபுரம். செங்கல், மணற்கல், சிக்கிமுக்கிக் கல் மூணையும் மாத்தி மாத்தி அடுக்கி, பாய் பின்னின மாதிரி கோலம் போட்டிருக்காங்க. மேல கும்பம் கவிழ்த்த மாதிரி கூரை. உள்ள சுவர் முழுக்கச் சின்னச் சின்ன குழிகள், சுமார் 1,600. குழிக்கு ஒரு ஜோடின்னு கணக்குப் போட்டுக்குங்க. குஞ்சு சாப்பாட்டுக்கு, எச்சம் உரத்துக்கு. எதுவும் வீண் இல்லை.

சரி, இத்தனை புறாவும் எதைத் தின்னுச்சு? அங்கதான் விஷயமே இருக்கு. பக்கத்து வயல்ல குடியானவன் விதைச்ச விதையை! அவன் புறாவை அடிக்கவும் முடியாது, தானா ஒரு கோபுரம் கட்டவும் முடியாது. நார்மண்டி வழக்கச் சட்டப்படி இந்த மாதிரி தனிக் கோபுரம் நிலப்பிரபுவோட உரிமை, ஒரு பிரபு நிலத்துக்கு ஒண்ணுதான். அதாவது அந்தக் கோலமெல்லாம் வெறும் அலங்காரம் இல்லைங்க, 'இந்த நிலத்துக்கு எஜமான் நான்தான்'னு தூரத்துலேருந்தே தெரிய வைக்கிற விளம்பரப் பலகை.

இது நம்ம காலத்துக் கண்ணாடி போட்டுக்கிட்டு பாக்கிறதுன்னு யாராவது பின்னூட்டம் போடுவீங்க, தெரியும். இல்லை. அந்தக் காலத்து ஜனங்களே பொருமினதுதான். 1789-ல கிராமங்கள் எழுதிக் கொடுத்த குறைப் பட்டியல்கள்ல புறாத் தொல்லை திரும்பத் திரும்ப வருது. அந்த வருஷம் ஆகஸ்ட் 4 ராத்திரி பிரபுக்களோட சலுகைகள் ஒவ்வொண்ணா விழுந்தப்ப, அதைத் தொடர்ந்து வந்த ஆணையோட ரெண்டாவது பிரிவே புறாதான்! தனி உரிமை ரத்து. ஊர் குறிக்கிற காலத்துல புறாவை அடைச்சு வைக்கணும், இல்லைன்னா அவனவன் நிலத்துல யாரும் சுடலாம்.

ஆங்கோ அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1551-ல, சொத்தெல்லாம் கரைஞ்சு செத்துப் போனார். மாளிகை பிறகு பண்ணை வீடாச்சு, 1862-ல பாதுகாக்கப்பட்ட சின்னமாச்சு. 1927 ஆகஸ்ட்ல ஆந்த்ரே ப்ரெத்தோன் இங்க தங்கித்தான் 'நாட்ஜா' எழுத ஆரம்பிச்சார். அந்தத் தகவலைப் பெருமையா எழுதறோம்ல? கூடவே அந்த 1,600 குழிக்கும் தீனி எந்த வயல்லேருந்து போச்சுன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க.