பைன் ஃபாரஸ்ட் செல்ஃபி ஓகே... ஆனா அது காடா?

கொடைக்கானல் போய்விட்டு பைன் ஃபாரஸ்ட்டில் ஒரு ரீல்ஸ் எடுக்காமல் திரும்புபவர்கள் குறைவு. வரிசையாக உயர்ந்த மரங்கள், நடுவே இறங்கும் மூடுபனி. அழகுதான். ஆனால் கொஞ்சம் குனிந்து தரையைப் பாருங்க. காய்ந்த ஊசி இலைகளைத் தாண்டி வேறு செடி பெரிதாக இருக்காது.

பைன் ஓர் ஊசியிலை மரம். இந்த இனத்தில் பூ கிடையாது, கனி கிடையாது. விதைகள் பெரும்பாலும் கூம்புக்குள் உருவாகும். இலை மெலிந்து, மேலே மெழுகுப் பூச்சோடு இருப்பதால் நீர் இழப்பு குறைவு. பட்டையில் காயம் பட்டால் பிசின் கசிந்து பூச்சி, பூஞ்சை இரண்டையும் தடுக்கும். கிளைகள் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால் பனி தங்காது. கனடாவிலிருந்து ரஷ்யா வரை நீளும் டைகா காடுகள் இந்த மரங்களால் ஆனவை. அங்கே குளிரில் இலைகள் மட்க ரொம்ப நாளாகும். அதனால் மரங்களில் இருப்பதைவிட மண்ணுக்கடியில்தான் கார்பன் அதிகம். அந்தக் காடு எரிந்தால் உலகமே கவலைப்படுவது இதனால்தான்.

அங்கே ஹீரோ. பழனி மலையில்?

இந்த மலையின் இயல்பு வேறு. பள்ளத்தாக்கில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி. மழைநீரை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி, கோடையிலும் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்தக் கூட்டணி. வரையாடு மேய்வதும் புல்வெளியில்தான். ஆங்கிலேயர்களுக்கு அது ‘சும்மா கிடக்கும் நிலம்’. பைன், வாட்டில், யூகலிப்டஸ் எல்லாம் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு காணாமல்போனதை செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மரத்தோட்டங்களும் விவசாயமும்தான் காரணம். மரம் நட்டே ஒரு இயற்கையை அழிக்க முடியும் என்பதை நம்ம ஊர் ‘மரம் நடுவோம்’ விழாக்கள் இன்னும் யோசிக்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. தென்னிந்தியாவிலும் இயற்கையாக வளரும் ஓர் ஊசியிலை மரம் உண்டு. பெயர் நாகியா வாலிச்சியானா. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை இனம் இதுதான். ஆனால் இதற்கு ஊசியே கிடையாது! அகலமான, பளபளக்கும் இலை. நடு நரம்பு இருக்காது. அகத்தியமலைப் பகுதியின் மழைக்காட்டுக்குள் மற்ற மரங்களோடு மரமாக நிற்கும். மெக்சிகோ பைனைத் தேடிப் போகும் நமக்கு, சொந்த ஊர்க்காரரைத் தெரியாது.

அப்போ எல்லா பைனையும் வெட்டிடலாமா? அவசரம் வேண்டாம். சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் மெல்லத் தலைகாட்டுகின்றன. மொத்தமாக வெட்டினால் அவையும் போகும், மண்ணும் அரிக்கும், காலி இடத்தை வாட்டில் பிடித்துக்கொள்ளும். ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அந்த வேலை முதலில் போக வேண்டிய இடம், மிச்சமிருக்கும் புல்வெளிகளின் ஓரம். காற்றில் பறந்து வந்த விதையில் முளைத்த பைன் கன்றுகள் அங்கே இப்போது முழங்கால் உயரம்தான். கையாலேயே பிடுங்கலாம். பத்து வருடம் விட்டால் ரம்பம் வேண்டும்.