கல்விக் கடன்: மழை பொய்த்தால் பிள்ளையின் படிப்பும் பொய்க்க வேண்டுமா?

நெல் விவசாயியின் கையில் பணம் புழங்கும் காலம் தை, மாசி மாதங்கள். சம்பா அறுவடை முடிந்து நெல்லை விற்ற பணம் வந்ததும் அறுவடைக் கூலி, உரக்கடை பாக்கி, பயிர்க்கடன் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் சித்திரையில் மடி காலியாகிவிடும். பிளஸ் 2 தேர்வு முடிவு வருவதோ மே மாதத்தில். கல்லூரியில் இடம் கிடைத்துக் கட்டணம் கட்டச் சொல்வதோ ஆடி மாதத்தை ஒட்டி. விதைக்கும் உரத்துக்கும் பணம் தேடுகிற அதே நாட்களில் பிள்ளையின் கல்லூரிக்கும் பணம் தேட வேண்டியிருக்கிறது.

இந்த நெருக்கடிக்கு உதவத்தான் வங்கிகளில் கல்விக் கடன் இருக்கிறது. ஆனால் எங்கள் பயிற்சிகளுக்கு வரும் சிறு விவசாயிகள், நெல் ரகத்தையும் பூச்சி மருந்தையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, "என் பெயரில் பயிர்க்கடன் பாக்கி இருக்கிறதே, பிள்ளைக்குக் கல்விக் கடன் கிடைக்குமா?" என்று தயக்கத்தோடு கேட்கிறார்கள். கல்விக் கடனுக்கு உரிய தகுதி பிள்ளையின் படிப்பே அன்றி, தகப்பனாரின் மகசூல் அன்று என்பதே எனது கருத்து. திட்டத்தின் நோக்கமும் அதுவே. நடைமுறையில் விவசாயி எங்கெங்கே தடுக்கப்படுகிறார், அதற்கு என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

திட்டம் என்ன சொல்கிறது?

இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி ரூ.4 லட்சம் வரையிலான கடனுக்கு நம் பங்காகப் பணம் போட வேண்டியதில்லை. சொத்து அடமானமும் தேவையில்லை. தகப்பனாரோ தாயாரோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். ரூ.4 லட்சத்துக்கு மேற்பட்டால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் பங்கு. ரூ.7½ லட்சம் வரை அடமானமும் வெளியார் ஜாமீனும் கேட்காமல் வங்கிகள் கடன் தருவதற்காகவே 2015-இல் மத்திய அரசு கடன் உத்தரவாத நிதி ஒன்றை ஏற்படுத்தியது. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அக்காலத்துக்குத் தனி வட்டியே கணக்கிடப்படும். பிறகு 15 ஆண்டுகள் வரை தவணை முறையில் திருப்பிச் செலுத்தலாம்.

"உங்கள் ஊர் எங்கள் கிளையின் சேவைப் பகுதியில் இல்லை" என்று சில கிளைகளில் சொல்வதுண்டு. இந்தக் காரணத்தைக் காட்டிக் கல்விக் கடன் மனுவைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மனுவை நிராகரிப்பதானால் அடுத்த மேலதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும், காரணத்தை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் மாதிரித் திட்டம் கூறுகிறது. ஆகவே வாய்வார்த்தையாக "இல்லை" என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். மனுவைக் கொடுத்துவிட்டுப் பதிலை எழுத்து மூலம் கேளுங்கள்.

வருமானச் சான்று: அசட்டை வேண்டாம்

ஆண்டு வருமானம் ரூ.4½ லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள் தொழிற்கல்வி பயில்வதற்கு வாங்கும் கடனுக்கு, படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் ஆகும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருந்து வருகிறது. இதன் மதிப்பு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டுகள், இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு ஆண்டுகள் வட்டி ஏறும். மொத்தம் ரூ.1,40,000. சிறு விவசாயி பல போகம் பாடுபட்டாலும் மிச்சம் பிடிக்க முடியாத தொகை இது. வருமானச் சான்றை உரிய நேரத்தில் வங்கியில் கொடுக்கத் தவறினால் இந்தச் சலுகை கைநழுவிப் போகும்.

சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. விவசாயிக்கு என்ன இருக்கிறது? பெரும்பாலும் நிலத்தின் அளவைப் பார்த்து ஒரு தொகையைக் குத்துமதிப்பாக எழுதுகிறார்கள். ஆற்றுப் பாசன நிலமும் மானாவாரி நிலமும் ஒன்றாகிவிடுமா? விற்ற தொகை வேறு, சாகுபடிச் செலவு போகக் கையில் நின்ற தொகை வேறு. இதை அதிகாரிகள் உணர வேண்டும். விவசாயியும் அடங்கல், கொள்முதல் ரசீது, சாகுபடிச் செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எடுத்துக் காட்ட வேண்டும். கணக்கு நோட்டு எழுதுங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதற்காகவும்தான்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். மத்திய அரசு இடங்களுக்காக இதர பிற்படுத்தப்பட்டோர் வாங்கும் சான்றில், வசதி படைத்தவரா என்று பார்க்கும்போது விவசாய வருமானத்தைச் சேர்ப்பதில்லை. வட்டிச் சலுகைக்கான வருமானச் சான்று அப்படியன்று. இதில் எல்லா வழி வருமானமும் சேரும். ஒன்றுக்கு வாங்கிய சான்று மற்றொன்றுக்கு உதவாது. வங்கிக்கு ஒரு தொகை, உதவித்தொகைக்கு வேறொரு தொகை என்று முரணாகக் காட்டினாலும் பின்னால் சிக்கல்தான்.

பயிர்க்கடன் நிலுவை

பெரும்பாலான விவசாயிகளின் மனத்தை உறுத்துவது இதுவே. பயிர்க்கடன் பாக்கி நின்றால் அது கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. தகப்பனார் கூட்டுக் கடனாளி என்பதால் கல்விக் கடன் கேட்கும்போது அந்தப் பதிவைப் பார்க்கிறார்கள்.

வங்கி தன் பணத்துக்குப் பாதுகாப்புத் தேடுவதில் தவறில்லை. ஆனால் பயிர்க்கடன் தவறுவது பெரும்பாலும் மழை தவறுவதால். பொய்த்த பருவத்துக்குத் தகப்பனார் ஏற்கனவே ஒரு தண்டனை பெற்றுவிட்டார். அதே காரணத்துக்காக அவர் பிள்ளைக்கு இரண்டாவது தண்டனை ஏன்? கல்விக் கடனை அடைக்கப் போவது தகப்பனாரின் நிலமன்று, படித்து வேலைக்குப் போகும் பிள்ளையின் சம்பாத்தியம். பெற்றோரின் கடன் மதிப்பெண் திருப்தியாக இல்லை என்பதைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கலாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020-இல் கூறியது. மாணவரின் மதிப்பெண் குறைவு என்பதற்காகவும் மறுக்கலாகாது என்று 2023-இல் அதே நீதிமன்றம் கூறியது. எல்லா நீதிமன்றங்களிலும் இதே முடிவு வந்துவிடவில்லை. ஆதலால்தான் இதை வழக்குக்கு வழக்கு விட்டுவிடாமல், இயற்கைச் சீற்றத்தால் நின்ற பயிர்க்கடன் பாக்கியைக் கல்விக் கடனுக்குத் தடையாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவான விதியே வகுக்க வேண்டும் என்கிறேன்.

அதுவரை விவசாயி செய்யக் கூடியவை சில உண்டு. குறுகிய காலப் பயிர்க்கடன் இரண்டு பயிர்ப் பருவங்கள் தாண்டியும் நிலுவையில் நின்றால்தான் வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. அதற்கு முன்பே வங்கியை அணுகுங்கள். வறட்சியாலோ வெள்ளத்தாலோ பயிர் அழிந்து அரசு அதை அறிவித்தால், பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தர வழி இருக்கிறது. ஒளிந்து கொள்வதால் பாக்கி குறைவதில்லை. கடன் தள்ளுபடி பெற்றவர்கள் பாக்கி இல்லை என்ற சான்றை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். தகப்பனார் பெயரில் பாக்கி இருந்தால் தாயாரைக் கூட்டுக் கடனாளியாக ஏற்கும்படி வங்கியைக் கேட்டுப் பார்க்கலாம்.

நிலம் இருந்தும் ஈடு இல்லை

"நாலு ஏக்கர் இருக்கிறது, எழுதி வாங்கிக் கொண்டு பெரிய தொகையாகக் கொடுங்கள்" என்று சிலர் கேட்கிறார்கள். மேலாளர் தயங்குகிறார். காரணம் இதுதான். வங்கிகள் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுத்துக் கொள்ள வகை செய்யும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. உழவனின் நிலத்தைக் காக்க வைத்த வேலி அது, வேண்டியதே. ஆனால் அதனால் விவசாய நிலத்தை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. குத்தகை விவசாயிக்கோ காட்டுவதற்குப் பட்டாவே இல்லை. எனவே ஈடு தேவைப்படாத ரூ.7½ லட்சத்துக்குள் முடியும் படிப்பையும் கல்லூரியையும் தேடுவதே சிறு விவசாயிக்கு நல்லது. அதற்கு மேல் போய் நிலத்தை விற்பதையோ, நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்குக் கைநீட்டுவதையோ நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்று வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு ரூ.36,000 என்பதை மறக்க வேண்டாம்.

இடத்தைப் பார்த்துச் சேருங்கள்

எல்லாக் கல்லூரியும் எல்லாச் சலுகைக்கும் தகுதி பெறுவதில்லை. மேலே சொன்ன வட்டிச் சலுகைக்குக் கல்லூரியோ படிப்போ உரிய தர அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அது தொழிற்கல்விக்கு மட்டுமே உரியது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், ரூ.8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கே அது பொருந்தும். வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறுபவருக்கு இச்சலுகை கிடைக்காது.

தரகர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிட்டு, பிறகு வங்கிக்கு ஓடி வருபவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல முன்பணம் கட்டுமுன் அங்கீகாரம் உண்டா, கட்டண விவரம் என்ன என்று எழுத்தில் கேட்டு, அதை வங்கியில் காட்டி விசாரித்துக் கொள்ள வேண்டும்.

கடனுக்கு முன் கட்டணச் சலுகை

கடன் வாங்குமுன் கடனில்லாமல் கிடைப்பதைப் பாருங்கள். குடும்பத்தில் எவரும் பட்டதாரி இல்லையென்றால், கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்கு 2010-11 முதல் தமிழக அரசு முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகை வழங்கி வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலியவற்றில் 2021 முதலும் 7½ சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மாணவிகளுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 உதவி உண்டு. இவை போக எஞ்சிய தொகைக்கு மட்டும் கடன் கேட்டால் சுமை குறையும்.

செய்ய வேண்டியவை

வங்கிகளுக்கும் அரசுக்கும் நான் முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, பயிர்க்கடன் நிலுவையைப் பிள்ளையின் தகுதியோடு முடிச்சுப் போடக் கூடாது. இரண்டாவது, விவசாய வருமானத்தைச் சாகுபடிச் செலவைக் கழித்து, பயிர்வாரியாகக் கணக்கிட வருவாய்த் துறைக்கு வழிமுறை வேண்டும். மூன்றாவது, பயிர்க்கடன் முகாம் நடத்துவது போல, பிளஸ் 2 முடிவு வந்ததும் வட்டாரந்தோறும் கல்விக் கடன் முகாம் நடத்தி, அங்கேயே மனுக்களை வாங்கி ஒப்புகைச் சீட்டு தர வேண்டும்.

விவசாயி செய்ய வேண்டியது, தையில் கையில் பணம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குவது. கடன் பாக்கியைச் சரிசெய்வது, ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் வங்கிக் கணக்கிலும் பிள்ளையின் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது, முதல் பட்டதாரிச் சான்று வாங்கி வைப்பது ஆகியவற்றை மாசி, பங்குனியிலேயே முடித்துக் கொள்ளலாம். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும் என்பதால் அதைச் சித்திரையில் வாங்கினால் போதும். நடவு நாளன்று நாற்றங்கால் தேடுபவர் யாரும் இல்லை. கட்டணம் கட்டும் நாளன்று காகிதம் தேடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.