ஸ்கூட்டருக்கும் மின்விசிறிக்கும் ஒரே கம்பி

பெட்ரோல் வாசனையே இல்லாத வண்டிகள் வந்துவிட்டன என்று நாம் எல்லோரும் மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 135 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அவற்றுள் 55 குளிர்சாதன வசதி கொண்டவை. ஓசையே இல்லாமல் பக்கத்தில் வந்து நின்ற அந்தப் பேருந்தைக் கண்டு திடுக்கிட்டவர்களில் நானும் ஒருத்தி.

அந்தப் பேருந்துகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எத்தனை வண்டி, எத்தனை மணிக்குச் சார்ஜ் என்று கணக்குப் பார்த்து, பணிமனையில் அதற்கான வசதிகளைச் செய்த பிறகே அவை வந்தன. என் கவலையெல்லாம் வீடுகளின் கீழே நிற்கும் ஸ்கூட்டர்களைப் பற்றியது. அவை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக வருகின்றன.

எங்கள் மாடிக் குடியிருப்பில் ஓர் அக்கா, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறார். கடன் வாங்கி மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார். இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு இரவில் சார்ஜ் போடுவார். மழைத்தூறல் விழுந்தால் என் அம்மாவுக்குத் தூக்கம் வராது. சென்ற கோடையில் ஓர் இரவு பியூஸ் போய்த் தெருவே இருண்டது. காலையில் ஸ்கூட்டர் பாதி வழி கூடப் போகாது என்ற நிலை. அக்காவுக்கு அன்றைய வருமானம் போயிற்று. “உன் வண்டியாலதான் கரண்ட் போச்சு” என்று நாலு பேர் சொன்னதுதான் அவருக்கு அதைவிட வருத்தம்.

அக்காவின் வண்டியாலா போயிற்று? கணக்குப் போட்டுப் பார்ப்போமே. ஒரு ஸ்கூட்டர் சார்ஜ் ஆகும்போது ஏறத்தாழ முக்கால் கிலோவாட் இழுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. அதைவிட அதிகமாக இழுக்கும். ஆகவே ஒரு ஸ்கூட்டர்மீது பழி போடுவது அநியாயம். ஆனால் ஒரே டிரான்ஸ்பார்மரில் நூறு ஸ்கூட்டர்களை மாலை ஏழு மணிக்குச் சேர்த்துச் சொருகினால் 75 கிலோவாட் ஆகிறது. 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! 7 கிலோவாட் சார்ஜர் வைத்த கார்களானால் பதினொன்றே போதும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் வெப்பம் நான்கு மடங்காகும் என்று பௌதிக வகுப்பில் படித்தோம் அல்லவா?

பெரிய டிரான்ஸ்பார்மர் வைக்கட்டும் என்பார்கள். வைக்கத்தான் வேண்டும். ஆனால் நேரத்தை மாற்றுவது அதைவிட மலிவு. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நண்பகலில் சூரிய ஒளி மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடுகிறது; அந்த நேரம் பார்த்துத்தான் நாம் விளக்கு, டி.வி., ஏ.சி., ஸ்கூட்டர் அனைத்தையும் போடுகிறோம். நள்ளிரவில் சார்ஜ் போடலாமே என்றால், மற்ற மாதங்களில் சரி. மே மாதத்தில் ஏ.சி. விடிய விடிய ஓடுகிறது. டிரான்ஸ்பார்மர் சூடு ஆறுவது எப்போது?

வெயில் நேர மின்சாரத்துக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. வண்டி சார்ஜ் செய்யத் தனி மின் இணைப்பு கேட்டுப் பெறலாம் என்றது 2024ஆம் ஆண்டுத் திருத்தம். குடியிருப்பின் கீழே அப்படி ஓர் இணைப்பும் மீட்டரும் பெற்றுவிட்டால் ஜன்னல் ஒயருக்கு வேலையில்லை. பெற்றோர்கள் கூடி ஒரு மனு எழுதினால் என்ன? அக்காவிடம் பேசினேன். “நீ எழுதிக் கொடும்மா, நான் கையெழுத்து வாங்கி வர்றேன்” என்றார்.

பகலில் ஸ்கூட்டர்கள் எங்கே நிற்கின்றன? சோழிங்கநல்லூர் அலுவலகங்களில், மருத்துவமனைகளில், ஏன், நம் பள்ளி ஷெட்டிலும்தான். காலை முதல் மாலை வரை நம் ஆசிரியைகளின் வண்டிகள் அங்கே சும்மா நிற்கின்றன. பத்து மணி முதல் மூன்று மணி வரை சார்ஜ் ஆகட்டுமே! ஆன செலவை மீட்டர் பார்த்து மாதம்தோறும் கட்டிவிடலாம். தாளாளர் சிஸ்டர் அவர்கள் முதலில் இரண்டு பிளக்குகளுக்கு மட்டும் அனுமதி தந்தாலும் போதும். குழாயடிக்கு எதிரே உள்ள சுவரை நாங்கள் பார்த்து வைத்திருக்கிறோம். அங்கே சாரல் அடிக்காது.