மாற்றுமுன் காரணம் காண்போம்



மதரஸாவில் பாடம் நடத்துகிறவருக்கு மோட்டார் எஞ்சினோடு என்ன உறவு என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். உறவு ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் பணமும், மன அமைதியும், நாணயமும் சேர்ந்திருக்கும் கேள்வி ஒன்று வந்தால், அதைக் கேட்டவரோடு சேர்ந்து விசாரித்து அறிவது ஆசிரியருக்குரிய வேலையே அன்றோ?

ஆலங்காயத்தில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். அவருடைய அத்தா பல்லாண்டுகளுக்கு முன் வாங்கி, ஆசையோடு ஓட்டி வந்தது ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். தூதரகத்தாரும் வெளிநாட்டாரும் பயன்படுத்திய கார்களை அரசு வணிகக் கழகம் ஏலத்தில் விற்ற காலத்தில் இந்தியாவுக்குள் கைமாறிய வண்டிகளுள் அதுவும் ஒன்று. அத்தா காலமான பின் அது கொட்டகையில் நின்றது. மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது மலைச்சாலையில் பெருஞ்சத்தத்துடன் எஞ்சின் உடைந்தது. "பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்கிறார் அண்ணன். "அத்தாவின் வண்டி, வேறு எஞ்சின் போடுவோம்" என்கிறார் தம்பி. தாயாரோ இருவருக்கும் நடுவே வாய் திறவாமல் இருக்கிறார். இதற்குள் தரகர் ஒருவர், "காகிதம் கேட்காதீர்கள், எஞ்சின் தருகிறேன்" என்று வந்துவிட்டார். "என்ன செய்யலாம், ஹஜ்ரத்?" என்று தம்பி எழுதிக் கேட்டார். அவருக்கு எழுதியதை விரித்து உங்கள் முன் வைக்கிறேன்.

பின்புறம் எஞ்சின் ஏன்?

அம்பாசிடர் காரில் எஞ்சின் முன்னால் இருந்ததை நாம் அறிவோம். பீட்டில் காரில் அது பின்னால் இருக்கிறது. பின்புற எஞ்சின் நமக்குப் புதுமையன்று. நாம் ஏறிச் செல்லும் பஜாஜ் ஆட்டோவிலும் அது பயணியின் பின்னே தானிருக்கிறது. 2008-இல் அறிமுகமாகி, 2018-இல் உற்பத்தி நின்றுபோன டாடா நானோவின் 624 சி.சி. எஞ்சினும் பின்புறமே அமைந்தது.

பீட்டிலை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1938-இல் ஜெர்மனியில் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கார் கிடைக்கும் என்று நம்பி ஏறத்தாழ 3,36,000 பேர் சேமிப்புத் திட்டத்தில் பணம் கட்டினர். போர் மூண்டது. கட்டியவர்களுள் ஒருவருக்கும் அத்திட்டத்தின்படி வண்டி வந்து சேரவில்லை! போருக்குப்பின் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ஐவன் ஹர்ஸ்ட் அத்தொழிற்சாலைக்கு உயிரூட்டினார். 2003 ஜூலை 30-இல் மெக்சிகோவின் புயேப்லா நகரில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2,15,29,464. இலங்கையில் இன்றும் பலர் இதைப் பேணி ஓட்டுகின்றனர். அங்கே இதன் உரிமையாளர்களுக்கெனச் சங்கமும் உண்டு.

எஞ்சினைப் பின்னால் வைத்ததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. முன்னிருந்து பின்சக்கரம் வரை நீண்ட தண்டு தேவையில்லை. எடை பின்சக்கரத்தின் மேல் அமர்வதால் மேட்டிலும் சேற்றிலும் பிடிப்பு நன்றாயிருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பெல்ட்டினால் சுழலும் விசிறி ஒன்று காற்றை வீசி நான்கு சிலிண்டர்களையும் குளிர்விக்கிறது.

உடைந்தது எதனால்?

இங்கேதான் முதற் பாடம் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கத்தில் கிணற்று மோட்டார் எரிந்தால் உடனே காயில் கட்டக் கொடுக்கிறோம். மின்னழுத்தம் குறைந்ததால் எரிந்ததா, பேரிங் தேய்ந்ததால் எரிந்ததா என்று பார்ப்பதில்லை. அடுத்த கோடையில் புதிய காயிலும் எரிகிறது. கார் எஞ்சினுக்கும் இதே கதைதான். பழையதைக் கொன்ற காரணம் வண்டியிலேயே தங்கியிருந்தால் புதியதையும் அது கொல்லும்.

பீட்டில் எஞ்சினில் பெரிதும் துன்பப்படுவது மூன்றாம் சிலிண்டர். பழைய அமைப்பில் ஆயில் கூலர் விசிறிக்கூண்டின் உள்ளேயே நின்று, அந்தச் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை மறித்தது. 1971 மாடல் முதல் கூலரைச் சற்று ஒதுக்கி, தனிக் காற்றுவழி அமைத்தார்கள். மிகுந்த சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு நீளும். அதற்கென விடப்பட்ட இடைவெளி குறைந்தால் வால்வு முழுமையாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டை இறக்க வழியின்றிக் கருகும். ஒருநாள் அதன் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும். பெருஞ்சத்தத்துடன் எஞ்சின் நிற்கும். பெரும்பாலான பீட்டில் எஞ்சின்களுக்கு அந்த இடைவெளி 0.15 மில்லிமீட்டர். எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போதுதான் அதை அளக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சினைச் சுற்றி ரப்பர்ப் பட்டை ஒன்று உண்டு. மேலே இருக்கும் குளிர்ந்த காற்றையும் கீழே வெளியேறும் சூடான காற்றையும் பிரித்து வைப்பது அதுவே. பார்ப்பதற்கு அற்பப் பொருள்; கிழிந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது போனால் விசிறி, வெளியே தள்ளிய சூட்டையே மீண்டும் உள்ளே இழுக்கும். சுற்றியுள்ள தகடுகளில் ஒன்றைக் கழற்றி எறிந்தாலும் இதே விளைவுதான்.

மேலும், இந்த எஞ்சினில் இரண்டரை லிட்டர் ஆயில் மட்டுமே பிடிக்கும். காகித வடிகட்டி கிடையாது, கம்பிச் சல்லடை மட்டுமே உண்டு. ஆகவே ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுவது கட்டாயம். மலையேறும் முறையும் முக்கியம். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைமேல், ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலிருக்கும் காவலூருக்கு, வைணு பாப்பு வானாய்வகம் காண ஏறும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகவே சுழலும். உயர்ந்த கியரில் திணறவிட்டு ஏற்றினால் சுமை மிகும், காற்றோ குறையும். கீழ் கியரில் ஏறுவதே இந்த வண்டிக்கு இதம்.

மூன்று வழிகள்

காரணம் தெரிந்த பின் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, உடைந்த எஞ்சினையே பிரித்துப் புதுப்பிப்பது. கிராங்க் கேஸ் வெடிக்காமலிருந்தால் இதுவே சிறந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் அடங்கிய தொகுதிகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. இரண்டாவது, அதே வகையைச் சேர்ந்த வேறொரு எஞ்சின் வாங்குவது. மூன்றாவது, முற்றிலும் வேறான எஞ்சினைப் பொருத்துவது. மூன்றாவது வழியில் பிரேக்கும், கியர்பாக்ஸும், சட்டமும் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். குடும்ப வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறு எஞ்சின் வாங்குவோர் கப்பியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். கிராங்க்‌ஷாஃப்டின் அந்த ஆட்டம் 0.15 மில்லிமீட்டரைக் கடந்தால் உள்ளே தேய்மானம் மிகுந்துவிட்டது என்று பொருள். நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஃப்ளைவீலின் பற்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்! பழைய 6 வோல்ட் வண்டிக்கு 109 பற்கள், பிந்தைய 12 வோல்ட் வண்டிக்கு 130 பற்கள். ஒன்றுக்கு மற்றொன்று அப்படியே பொருந்தாது.

கழற்றுவது கடினமன்று. எஞ்சினைக் கியர்பாக்ஸோடு பிணைப்பவை நான்கே போல்ட்டுகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, வண்டியின் பின்பகுதியை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. ஒயர்கள், ஆக்சிலேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்கள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றைப் பிரித்த பின், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சினைச் சக்கர ஜாக்கியில் தாங்கி, நேர்கோட்டில் பின்னால் இழுத்து, கிளட்ச் விடுபட்ட பின்னரே இறக்க வேண்டும். அதன் பாரம் கியர்பாக்ஸ் தண்டின் மேல் தொங்கினால் கிளட்ச் தட்டு கெடும்.

மீண்டும் ஏற்றும்போது பெட்ரோல் குழாய்களைப் புதிதாக மாற்றிவிடுங்கள். வெடித்த குழாயிலிருந்து சூடான எஞ்சினில் பெட்ரோல் சொட்டித் தீப்பற்றுவது இவ்வகை வண்டிகளில் நன்கறியப்பட்ட ஆபத்து. பேட்டரியும் பின் இருக்கையின் அடியிலேயே இருக்கிறது. இருக்கையின் கம்பிச்சுருள் அதன் முனைகளைத் தொடாதவாறு மூடி வைக்க வேண்டும். அந்த இருக்கையில் அமரப் போகிறவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா?

காகிதம் கேட்காத எஞ்சின்

இப்போது தரகரின் பேச்சுக்கு வருவோம். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவாகியிருக்கின்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் குறிக்கச் செய்ய வேண்டும் என்கிறது. காகிதமில்லாத எஞ்சின் எங்கிருந்து வந்தது? யாருடைய வண்டியிலிருந்து கழற்றியது? திருடப்பட்டதாயின், விலை கொடுத்து வாங்கிய நம் வீட்டின் மேல் வழக்கு வரும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் எண்ணைத்தான் முதலில் ஒப்பிடும். விற்றவரின் பெயரும் எஞ்சின் எண்ணும் எழுதிய ரசீது இன்றி ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

2021-இல் வந்த விதியையும் அறிந்துகொள்வது நல்லது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, அசல் வடிவில் பேணப்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனி வரிசையில் பதிவுசெய்யலாம். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டவும் இயலாது. ஆகவே உடைந்த எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால், பின்னர் வண்டியின் மதிப்பும் அதோடு போய்விடலாம். எண் பொறித்த கிராங்க் கேஸை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துவதே அறிவுடைமை.

அன்பர்களே, என் மாணவருக்கு நான் எழுதிய முடிவு இதுதான்: முதலில் எஞ்சினை இறக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள். கிராங்க் கேஸ் பிழைத்திருந்தால் அதையே புதுப்பியுங்கள். செலவின் மேல்வரம்பை அண்ணனோடும் அம்மாவோடும் அமர்ந்து, வேலை தொடங்குமுன்பே முடிவு செய்யுங்கள். வட்டிக்கும் கடனுக்கும் போகவேண்டிய நிலை வந்தால், அத்தாவின் நினைவு அந்த வண்டியில் மட்டும் இல்லை என்பதை எண்ணி நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பதானால், எஞ்சின் உடைந்ததையும் அதன் காரணத்தையும் வாங்குபவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்பது ஆகாது என்பது நம் மதரஸாவில் சிறுவர்களும் ஓதும் பாடம்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டியோ, மோட்டாரோ, தையல் எந்திரமோ பழுதாகி நிற்கலாம். "புதிதாக என்ன விலை?" என்று கேட்குமுன் "ஏன் கெட்டது?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவரிடமே வேலையை ஒப்படையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.