அரிசி மூட்டையும் நாட்டுப்பற்றும்

2022 பொதுத்தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன், பேராவில் என் பாட்டி வசிக்கும் பழைய ரப்பர் தோட்டத்தில் வீட்டுக்கொரு அரிசி மூட்டை கொடுத்தார்கள். அதை வீட்டுக்குத் தூக்கி வந்தவன் நான். அப்போது எனக்கு ஓட்டுப் போடும் வயதில்லை. அதில் தவறு இருப்பதாகவும் தோன்றவில்லை.

அடுத்த பொதுத்தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். “எல்லா அரசியல்வாதியும் ஒன்றுதான், நான் போக மாட்டேன்” என்கிறான் பல்கலைக்கழக நண்பன். அவன் சலிப்புக்குக் காரணம் உண்டு. எஸ்.ஆர்.சி. வழக்கில் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் தொடர்பாக முன்னாள் பிரதமர் நஜிப் 2020இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2022இல் சிறை சென்றார். 2024இல் அவருடைய 12 ஆண்டுத் தண்டனை பாதியாகக் குறைக்கப்பட்டது.

ஆனால் எல்லாரும் ஒன்றல்ல என்பதற்கு ஈப்போவிலேயே சான்று இருக்கிறது. டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். அவர் யார் என்று தெரியுமா?

வழக்கறிஞர், மக்கள் முற்போக்குக் கட்சித் தலைவர், எதிர்க்கட்சியிலிருந்த ஈப்போ நாடாளுமன்ற உறுப்பினர். 1964இல் அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டை எழுப்பினார். வரலாற்றுப் பாடத்தில் 1960 ரஹ்மான் தாலிப் கல்வி அறிக்கை என்று படிக்கிறோமே, அதே அமைச்சர்தான். அவையில் பேசியதற்காக ஓர் உறுப்பினர் மீது அவதூறு வழக்குப் போட முடியாது. சீனிவாசகம் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதுகாப்பில்லாத வெளியிடத்திலும் அதையே சொன்னார். அமைச்சர் வழக்குத் தொடுத்தார், தோற்றார், 1965இல் பதவி விலகினார்.

கொள்கையுள்ள தலைவரை அடையாளம் காண இதுவே அளவுகோல் என்று நினைக்கிறேன்: தன் சொல்லுக்கான விலையைத் தானே கொடுக்கத் தயாரா? பொய்க் கணக்கில் ஒளிந்துகொண்டு புலனத்திலும் முகநூலிலும் பழி சுமத்துவது துணிச்சலாகாது. சீனிவாசகம் தம் பெயரில் பேசினார், நீதிமன்றத்தில் நின்றார்.

பள்ளிச் சபைகூடலில் ருக்குன் நெகாரா ஒப்புவித்தோம். நாட்டுக்கு விசுவாசம் இரண்டாம் கோட்பாடு. சட்டமுறைப்படி ஆட்சி நான்காம் கோட்பாடு. அமைச்சரைக் கேள்வி கேட்பவர் நாட்டின் எதிரியல்லர். இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்பவர்.

பாட்டியிடம் அரிசியைப் பற்றிக் கேட்டேன். “அரிசி வாங்கினா ஓட்டும் அவங்களுக்குத்தான்னு யார்டா சொன்னா?” என்று சிரித்தார். கெட்டிக்காரப் பதில்தான். பால் மரம் வெட்டி வளர்த்த குடும்பத்துக்கு ஒரு மூட்டை அரிசி சின்ன விஷயமில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தோட்டச் சாலை இன்னும் குண்டும் குழியுமாக இருக்கிறது. “மூட்டை வாங்கிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது?” என்று அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. அரிசி விலைக்கு வாங்கியது ஓட்டையல்ல, நம் கேள்வியை.

18 வயதானாலே இப்போது நம் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடுகிறது. கேள்வி கேட்பது அப்படித் தானாக வராது. அடுத்த முறை மூட்டை வந்தால் நான் தூக்கப் போவதில்லை. சாலையைப் பற்றி என் பெயரிலேயே கடிதம் எழுதப் போகிறேன்.