பரந்தூரும் "பொது நன்மை"யும்

பரந்தூர் விமான நிலைய விஷயத்தில் நமது அபிப்பிராயம் என்ன என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். அதில் ஒரு சிலர், "விஞ்ஞானத்தைப் பாராட்டுகிற நீங்கள், பழமையை ஒழிக்கவேண்டுமென்கிற நீங்கள், ஆகாய விமானம் வேண்டாமென்று உட்கார்ந்திருக்கிற கிராமத்தாரோடு எப்படிச் சேரலாம்?" என்று நம்மை மடக்கப் பார்க்கிறார்கள்.

விமானம் வேண்டாமென்று நாம் எந்தக் காலத்தில் சொன்னோம்? புஷ்பக விமானத்தில் நம் முன்னோர் பறந்தார்கள் என்று காலட்சேபம் செய்து தட்டிலே காசு வாங்கிய கூட்டம் அதற்கு ஒரு ஆணியைக்கூடச் செய்து காட்டவில்லை. 1903ம் வருஷத்தில் அமெரிக்காவிலே சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர்தான் செய்து பறந்து காட்டினார்கள். அவர்களிடத்தில் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் விமானத்தை ஒப்புக்கொண்டதனாலேயே, அது இறங்குவதற்கு எந்த ஏரியைத் தூர்த்தாலும், எந்தக் குடியானவனை எழுப்பினாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால், அது விஞ்ஞானமாகாது. அது பக்தி. கேள்வி கேட்காதே என்று சொல்லுகிற எதுவும், அதற்குக் கோபுரம் இருந்தாலும் சரி, ஓடுபாதை இருந்தாலும் சரி, நமக்கு ஒன்றுதான்.

விஷயம் இதுதான். சென்னைக்குச் சுமார் 70 கிலோமீட்டருக்கு அப்பால், காஞ்சிபுரம் ஜில்லாவில் பரந்தூரைச் சுற்றியுள்ள 13 கிராமங்களின் நிலத்தில் இரண்டாவது விமான நிலையம் கட்டுவதென்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். வருஷத்துக்குப் பத்துக் கோடிப் பிரயாணிகள், இருபதாயிரம் கோடி ரூபாய் செலவு என்றார்கள். 2023ல் சர்க்கார் உத்தரவு பிறந்தபோது கணக்கு ஏறத்தாழ 5,700 ஏக்கர் என்றாயிற்று. அதிலே 3,700 ஏக்கருக்கு மேல் பட்டா நிலம். மீதி சர்க்கார் நிலம். "சர்க்கார் நிலம்" என்றால் கேட்பாரற்றுக் கிடக்கிற கரம்பு என்று பட்டணத்தார் நினைத்துக்கொள்ளக் கூடாது. கிராமத்துக் கணக்கிலே ஏரியும், குளமும், வாய்க்காலும், மேய்ச்சல் புறம்போக்கும் சர்க்கார் நிலம்தான்.

ஏகனாபுரத்தார் அன்று முதல் பகலெல்லாம் வயலில் வேலை செய்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் கூடி உட்கார்ந்து ஆட்சேபித்து வந்தார்கள். 2022 ஆகஸ்டு 15ந் தேதி கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். பிறகு ஒவ்வொரு கிராமசபையிலும் போட்டுப் பத்துத் தடவைக்கு மேலாகிவிட்டது. 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் ஊரில் பெரும்பாலோர் ஓட்டுச் சாவடிப் பக்கமே போகவில்லை. 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜூலையில் வேறு சிலர் நிலத்தை எழுதிக் கொடுத்துப் பத்திரமும் பதிந்தார்கள். அவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. கடனும் கலியாணமும் உள்ளவன் வந்த விலைக்குக் கொடுப்பான். அதைக் காட்டி, ஊரே சம்மதித்துவிட்டது என்று பேசுவது யோக்கியமல்ல.

இதற்கெல்லாம் மேலிருந்து வருகிற பதில் ஒரே பதில்தான்: "பொது நன்மை."

தோழர்களே, இந்த வார்த்தையை நாம் இதற்கு முன் கேட்டதில்லையா? "லோக க்ஷேமார்த்தம்" என்று யாகம் செய்தார்கள். லோகத்தின் பேரைச் சொல்லி நெய்யை ஊராரிடம் வாங்கி நெருப்பிலே ஊற்றினார்கள். பசுவும் பொன்னும் தட்சணையாக ஒரு கூட்டத்தின் வீட்டுக்குப் போயின. லோகத்துக்கு என்ன க்ஷேமம் வந்தது என்று எவனாவது கேட்டால் அவன் நாஸ்திகன். இன்றைக்கு வளர்ச்சியின் பேரால் நெய் கேட்கிறார்கள். எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்று கேட்பவன் வளர்ச்சி விரோதி! நாஸ்திகன் என்ற பட்டத்தை வாங்கிப் பழகின நமக்கு இந்தப் பட்டம் பெரிதல்ல. ஏகனாபுரத்துப் பெண்களுக்கு இது புதிது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1894ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தை எடுத்துவிட்டு 2013ல் பார்லிமெண்டு புதிய நில எடுப்புச் சட்டம் செய்தது. தனியார் கம்பெனிக்கு நிலமென்றால் பாதிக்கப்படுகிற குடும்பங்களில் 80 சதவிகிதமும், சர்க்காரும் தனியாரும் கூட்டென்றால் 70 சதவிகிதமும் சம்மதிக்கவேண்டும். அன்றியும் ஊருக்கும் பிழைப்புக்கும் என்ன நேரும் என்று முதலிலேயே ஆராய்ந்து, கிராமசபையையும் கலந்துகொள்ளவேண்டும் என்று அதிலே எழுதினார்கள். பரவாயில்லை என்று சொல்லும்படியான சட்டம். ஆனால் நமது மாகாணத்தில் நடந்தது என்ன? 2014லேயே ஒரு திருத்தம் செய்து, தொழில் காரியங்களுக்காக நிலமெடுக்கும் 1997ம் வருஷத்துச் சட்டம் உள்பட மூன்று மாகாணச் சட்டங்களுக்கு இந்த நிபந்தனைகளிலிருந்து விலக்களித்துக்கொண்டார்கள். 2019ல் ஹைகோர்ட்டு அது செல்லாதென்றது. உடனே இன்னொரு சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021ல் சுப்ரீம் கோர்ட்டும் சரியென்றது. செய்தது ஒரு கட்சி, அனுபவிக்கிறது மற்றொரு கட்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சிக்கும் எவ்வளவு ஒற்றுமை! பரந்தூர் நிலத்தை எடுக்கப் புறப்பட்டது அந்த 1997ம் வருஷத்துச் சட்டத்தின்படிதான்.

இதுவும் போதாதென்று 2023 ஏப்ரலில், சட்டசபைக் கூட்டத்தின் கடைசி நாளன்று, விவாதமேயில்லாமல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டமென்றால், அதற்குள் அகப்பட்ட ஏரி, ஓடை, வாய்க்கால் நிலங்களையும் சேர்த்துக்கொள்ள அது வழி செய்கிறது. 2024 அக்டோபரில் அமலுக்கும் வந்துவிட்டது. ஒரு பெட்டிக்கடைக்கு லைசென்சு கொடுப்பதற்கு எவ்வளவு பேசுகிறார்கள்! ஏரியைப் பற்றிப் பேச நேரமில்லை.

வேறிடத்தில் ஊரைக் கேட்டதே கிடையாதா என்றால், கேட்டிருக்கிறார்கள். ஒரிஸ்ஸாவில் நியம்கிரி மலையைத் தோண்ட ஒரு கம்பெனி வந்தபோது, கிராமசபைகளைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கூடிய 12 கிராமசபைகளும் முடியாதென்றன. மறு வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்காரும் அனுமதியை மறுத்தது. மலைவாசிகள் ஜெயித்ததில் நமக்குப் பரம சந்தோஷம். காடுகளில் வாழ்வோரின் உரிமைக்கு 2006ல் வந்த சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது என்பதும் வாஸ்தவம். ஆனால் அந்த வழக்கிலே பெரிதாய் நின்ற கேள்வி, அந்த மலை அவர்களுடைய கடவுள் வாழும் இடம், அவர்களுடைய வழிபாடு கெடலாமா என்பது. அப்படியானால் ஏகனாபுரத்தான் செய்த தப்பு என்ன? தன் வயல் நெல் விளைகிற இடம் என்று உண்மையைச் சொன்னதுதானா? ஏரிக்கரையில் ஒரு கல்லை நட்டு, கற்பூரம் கொளுத்தி, ஐம்பது வருஷத்துக்கு முன்பே திருவிழா நடத்தியிருந்தால் அவன் பேச்சு எடுபடுமா? கடவுள் குடியிருந்தால் கேட்பார்கள். மனிதன் குடியிருந்தால் கேட்கமாட்டார்கள் என்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க, பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. 2020ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் புதிய விதி என்று ஒரு நகலை இந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டும் வெளியிட்டு, ஜனங்கள் அபிப்பிராயம் சொல்லலாம் என்றார்கள். எட்டாவது அட்டவணையிலுள்ள பாஷைகளிலெல்லாம் மொழிபெயர்க்க வேண்டுமென்று டில்லி ஹைகோர்ட்டு சொல்லவேண்டியதாயிற்று. புரியாத பாஷையில் மந்திரம் சொல்லி, எதிரே நிற்கிறவனைத் தலையை ஆட்டச் சொல்லுவது புரோகிதனுக்கு மாத்திரம் சொந்தமான வித்தையல்ல என்பது இதனால் விளங்கும்.

இனித் தண்ணீர். பாலாற்றுத் தண்ணீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுபோகிற கம்பன் கால்வாய் இந்தத் திட்ட நிலத்தின் வழியாகத்தான் போகிறது. அந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழிகிறவை. நடுவே மண்ணைக் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் மாயமாய் மறைந்துவிடாது. வேறு ஒருவன் வீட்டுக்குள் போகும். இதற்கு ஜோசியம் வேண்டியதில்லை. மீனம்பாக்கத்தைப் பாருங்கள். இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேலேயே பாலமாகக் கட்டினார்கள். 2015 டிசம்பர் 1ந் தேதி வெள்ளத்தில் விமான நிலையமே முழுகி, 6ந் தேதி வரை மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4ந் தேதி புயல் மழையில் மறுபடியும் மூடினார்கள். ஆற்றின் மேல் கட்டியதன் பலனை இவ்வளவு கண்ட பிறகும், ஏரியின் மேல் கட்டிப் பார்ப்போம் என்பவர்களைப் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம்.

லண்டன் பட்டணத்தார் வயலும் காடும் பட்டணத்துக்குள் கரைந்துபோகாமலிருக்க 1938லேயே சட்டம் செய்து, பட்டணத்தைச் சுற்றிப் பசுமை வளையம் என்று காப்பாற்றி வந்தார்கள். இன்று இங்கிலாந்து நிலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அப்படி உண்டு. அங்கும் வீடு கட்டலாமா கூடாதா என்று ஓயாத சண்டைதான். ஆட்சேபிப்பவர்கள் எல்லாரும் உத்தமர்களுமல்ல. தன் ஜன்னலுக்கெதிரே ஏழைக்கு வீடு வந்துவிடக் கூடாதென்பவனும் அதில் இருக்கிறான். ஆகவே உள்ளூரார் சொல்லுவதெல்லாம் வேதம் என்று நாம் சொல்லவில்லை. வேதத்தையே வேதமென்று ஒப்பாதவர்கள் நாம். அவர்கள் சொல்லுவதைக் கேட்டு, காரணத்துக்குக் காரணம் பதில் சொல்லு என்கிறோம்.

இதே கேள்வியைக் கிராமத்தாரிடமும் கேட்பது நம் கடமை. "மண் எங்கள் தாய்" என்று பேசுகிறவர்களைக் காண்கிறோம். மண் தாயல்ல, தோழர்களே. தாயை யாரும் குத்தகைக்கு விடுவதில்லை. பட்டா உள்ளவன் பேசுகிறான். அவனுக்கு விலையாவது வரும். அந்த வயலில் நாற்று நட்டுக் களை பறித்துக் கூலி வாங்குகிற சேரிப் பெண்ணுக்கு என்ன வரும்? மூன்று வருஷமாக அங்கே உழைத்துப் பிழைத்த நிலமற்ற கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமென்று 2013ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. அந்தப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறீர்களா? கிராமசபையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேசினாளா, அல்லது ஓரத்தில் நின்று கைநாட்டு வைத்தாளா? ஊர் என்றால் ஊர்த்தெரு மட்டும் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் போடுகிற தீர்மானத்தை, நாடு என்றால் பட்டணம் மட்டும் என்று நினைக்கிறவன் மதிக்கவில்லை என்று கோபிப்பதில் பாதி நியாயம்தான் இருக்கும்.

இந்தப் பகுதியின் நீரோட்டத்தை ஆராய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. அந்த அறிக்கையைத் தமிழில், படங்களோடு, 13 கிராமங்களிலும் ஊர்த்தெருவிலும் சேரியிலும் ஒருங்கே கூட்டிவைத்துப் படித்துக் காட்டட்டும். எந்த ஏரியில் எவ்வளவு மண் விழும், அந்தத் தண்ணீர் எந்த ஊருக்குப் போகும், மீனம்பாக்கத்தையே திருத்தினால் ஏன் போதாது என்பவைகளுக்கு எஞ்சினீயர்கள் நேரில் வந்து பதில் சொல்லட்டும். பிறகு ஓட்டெடுக்கட்டும். ஊர்க்காரர்களும் அந்தக் கூட்டத்துக்குக் கூலிக்காரக் குடும்பங்களின் ஜாபிதாவோடு வரவேண்டும்.