அவனுக்கு எதற்கு மரியாதை?

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை நாணய மாற்றுக் கடைகளில், கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே நோட்டு எண்ணுபவர்களை அன்றாடம் பார்க்கலாம். பாதி அழைப்புகள் வேண்டாதவை. இதழ்ச் சந்தா, காப்புறுதி என்று விற்பவர் தொல்லை மட்டுமே. “காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு” என்பவன் மக்காவ் மோசடிக்காரன். இரண்டுக்கும் ஒரே மருந்து ஆகாது.

விற்பவரிடம் எண் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, நேரடி விற்பனைக்கு என் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் கேட்கலாம். மசியாவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். அவர் உத்தரவையும் மீறினால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம் உண்டு. நமக்கோ எண்ணை முடக்கிவிட்டு முணுமுணுப்பதே பழக்கம்.

மிரட்டுபவனிடம் கேள்வியே வேண்டாம், வெட்டிவிடுங்கள். பேச்சை வளர்ப்பதுதான் அவன் தொழில். இன்னொரு ‘அதிகாரி’க்கு மாற்றுவான், கோப்பு எண் சொல்வான், வீட்டில் மூச்சு விடாதே என்பான், கடைசியில் பணத்தைப் ‘பாதுகாப்பான’ கணக்கில் போடச் சொல்வான். நம் பெரியவர்களோ “சார், சார்” என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்! பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல், 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தை 997 எண்ணில் உடனே அழையுங்கள். கணக்கு விட்டுக் கணக்கு அது தாவுமுன் முடக்கினால்தான் உண்டு.